புகையக்கூடாத வில்லை

மைதிலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். வெள்ளை வில்லையின் மேல் விழுந்த நீர் ஒட்டவே இல்லை. பாதரசம் போல உருண்டோடி, மேஜை விளிம்பில் ஒரு கணம் தயங்கி, ஜகதீசனின் பாலீஷ் போட்ட கறுப்பு ஷூவின் மேல் சொட்டியது.

“சாரி சார். ஆனா பாருங்க, உங்க ஷூவுலயும் தண்ணி நிக்கல. அதுக்கும் ஒரு மானியம் கேட்டுப் பாக்கலாமா?”

ஜகதீசன் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயில்வே விஜிலென்ஸில் இருந்த நாளிலிருந்தே அவர் சுபாவம் அது. விடை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு முகம் காட்ட மறுத்தால் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. குஷாய்குடாவில், இந்தக் கேஸைக் கொடுத்த கிதியோனின் வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைக்குள், சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றபின் செகந்திராபாத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையை உதறிவிட்டு வந்து அவரோடு சேர்ந்தவள் மைதிலி. அவள் வாய் ஓய்ந்து அவர் பார்த்ததில்லை. அவள் கண் தவறியும் பார்த்ததில்லை.

“இன்னொரு தடவை சொல்லம்மா. முதலிலிருந்து,” என்றார் ஜகதீசன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற பிளெசி கண்களைத் தேய்த்துக்கொண்டாள். தூக்கத்தை அவள் மறந்து ஒரு வாரம் இருக்கும். கிதியோனின் ஒரே மகள். மூலப்பொருள் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, வெளிநாடு போகாமல், அப்பாவின் கொட்டகையில் அடுப்பும் அழுத்தக் கலனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். அவள் செய்ததுதான் உள்ளங்கை அகல வில்லை. கண்ணாடிக்கு உரிய பொருள்தான். ஆனால் அதில் பெரும்பகுதி வெறும் காற்று. கையில் எடுத்தால் கை காலியாக இருப்பது போலவே தோன்றும். ஒரு பக்கம் நெருப்பை வைத்தாலும் மறுபக்கம் சூடேறாது. மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிக்குள் செல்லுக்குச் செல் இடையே இதைச் செருகினால், ஒன்று பற்றினாலும் அடுத்தது பற்றாது.

“என் வண்டியில இது இருந்தா நானும் கொஞ்சம் தைரியமா உக்காருவேன்,” என்றாள் மைதிலி, வாசலில் நின்ற தன் மின்சார ஸ்கூட்டரைப் பார்த்து. “இப்போ வெயில்ல சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் விஷ்ணு சகஸ்ரநாமம்தான்.”

“இது இன்னும் பொருளே இல்ல மேடம்,” என்றாள் பிளெசி. “ஐடியாவும் ஒரு சாம்பிளும்தான். பேங்க்ல கேட்டா ஆர்டர் எங்கன்றாங்க. கம்பெனியில ஆர்டர் கேட்டா ஆயிரம் பீஸ் குடுன்றாங்க. ஆயிரம் பீஸுக்குப் பெரிய மெஷின் வேணும். மெஷினுக்கு பேங்க். இந்தச் சக்கரத்துல மாட்டினவங்களுக்குன்னே ஒரு மானியம். புதுப்பொருள் கண்டுபிடிப்பை ஆரம்ப நிலையிலயே கைகொடுத்துத் தூக்கிவிடுற நிதி. எத்தனையோ பேர் போட்டாங்க. கடைசி ரவுண்டுல நான் நின்னேன்.”

“கச்சிபௌலியில், மானியக் குழுவுக்கு முன்னால்,” என்றார் ஜகதீசன்.

“ஹவ் சார், ஆமா. ஹாட் பிளேட்ல வெச்சாங்க. புகையவே கூடாத சாம்பிள். புகைஞ்சது. நடுவுல கருகி, வெடிச்சு, ரெண்டாச்சு.” அவள் குரல் உடைந்தது. “நீங்க விண்ணப்பத்துல எழுதினது ஒண்ணு, கொண்டுவந்தது வேறொண்ணுன்னு குழுத் தலைவர் நாராயணஸ்வாமி சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லணும். காரணம் தெரியாம மறு சோதனை கிடையாது. சொல்லலைன்னா ‘போலி சாம்பிள் கொடுத்த நிறுவனம்’னு அவங்க வெப்சைட்ல பேர் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரும் ஒரு டம்ளர் கெமிக்கல்கூட கடன் தர மாட்டாங்க.”

“எங்க வம்சத்துப் பேரும் அதோட போச்சு.”

வாசலை அடைத்துக்கொண்டு கிதியோன் நின்றார். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியிலிருந்து அவர் தாத்தா வந்த நாள்முதல் அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. சபையில் கணக்கு கேட்கும் நாற்காலியும் அவருடையது. கணக்கில் தப்பு கண்டால் ஆயரையே நிற்கவைத்துக் கேட்கும் நாவும் அவருடையது. அப்படிப்பட்டவருக்கு மகளின் பெயர் நாலு பேர் பார்க்கும் பலகையில் ஏறுவது, தன்னைத் தெருவில் நிறுத்தி உடுப்பை உருவுவது போலத்தான். அதில் மிகை ஒன்றும் இல்லை.

“ஜகதீசன், உம்மகிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அபிநவ். கூட்டாளியா இருந்து, பெரிய கம்பெனி கூப்பிட்டதும் ஓடிப்போன பய. சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெல்மெட்டை எடுக்க வந்தேன்னு இந்தக் கொட்டகைக்குள்ள நுழைஞ்சான். நீரு ஆதாரத்தைக் குடும். மிச்சத்த நான் குழு முன்னாடி பேசிக்கிடுதேன்.”

“அப்பா, அபி அப்படிச் செய்ய மாட்டான். நக்கோப்பா, வேண்டாம், விடுங்க.”

“நீ சும்மா இருட்டி.”

ஜகதீசன் குழு திருப்பிக் கொடுத்த கருகிய பாதியைக் கையில் எடுத்தார். போனில் வர்ஷினியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். குழுவின் இளைய உறுப்பினர் வர்ஷினி, சோதனையைச் செய்தவர்.

“மேடம், அன்றைக்குப் புகை வந்தபோது வாசனை ஏதாவது?”

“கேட்டீங்களே, யாரும் இதைக் கேக்கல. வந்துச்சு சார். ரசாயன நாத்தம் இல்ல. எண்ணெய்ச் சட்டி தீஞ்ச மாதிரி. அதோட ஏதோ அத்தர் மாதிரி… நல்ல வாசனைகூட. அதான் வினோதம்.”

“நீ கவனிக்கலையா?” என்று பிளெசியைக் கேட்டாள் மைதிலி.

“எனக்கு அன்னிக்குப் பயங்கர ஜலதோஷம். மூக்கு இருந்துச்சான்னே தெரியல.”

ஜகதீசன் போனை வைத்தார். “வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்குமே?”

பிளெசி ஓடிப்போய் எடுத்து வந்தாள். மேஜையில் கிடந்த முழு வில்லை, கருகினதோடு ஒரே வார்ப்பில் வந்த இரட்டை. அதன் மூலையிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வைத்தாள். ஜகதீசன் விரல் நுனியால் எண்ணெயைத் தொட்டு அதன் மேல் வைத்தார். எண்ணெய் உருளவில்லை. நிற்கவும் இல்லை. தாகம் எடுத்தவன் வாயில் போனது போல உள்ளே போய்விட்டது. வெள்ளையில் மங்கலாக ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது.

“கடவுளே!” என்றாள் பிளெசி. “தண்ணியைத் தள்ளணும்னுதான் இதுக்கு மேல்பூச்சே குடுத்தேன். தண்ணியைத் தள்றது எண்ணெயை இழுக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தோணல. என் ஃபார்முலாதான் தப்புன்னு ஒரு வாரமா அழுதுட்டிருக்கேன்.”

“இப்போ அழாதே. இதைப் பார்.” கருகிய பாதியைத் திருப்பினார் ஜகதீசன். “கருகல் ஓரத்தில் தொடங்கவில்லை. நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம். அங்கிருந்துதான் வெடிப்பு. அதுவும் அடிப்பக்கத்தில். கெடுக்க நினைப்பவன் என்ன செய்வான், மைதிலி?”

“பாட்டிலோட ஊத்துவான். இல்ல கீழ போட்டு ஒரு மிதி.”

“இவன் ஒரு சொட்டு வைத்திருக்கிறான். சரியாக நடுவில். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என் அப்பா புது லேத் வந்தால் என்ன செய்வார் தெரியுமா? சந்தனத்தைத் தொட்டு நடுநெற்றி பார்த்துப் பொட்டு வைப்பார்.” அவர் நடப்பதை நிறுத்தினார். “இது பகையாளி கை இல்லை, பிளெசி. உனக்கு நல்லது நினைத்த கை.”

கிதியோன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க வீட்டுல பொட்டும் கிடையாது, பூசையும் கிடையாது. எண்ணெய்க்கு அடுக்களையிலதான் வேலை. நீரு துப்பறியிறவரா, கெமிஸ்ட்ரி வாத்தியாரா?” என்றவர் மகளைப் பார்க்காமல் திரும்பினார். “கேப் வந்துரும். வெளிய நிக்கேன்.”

அவர் போன பிறகு பிளெசி குரலைத் தாழ்த்தினாள்.

“சார், எங்க குடும்பத்துல எண்ணெய் பூசுறவங்க ஒருத்தர் இருக்காங்க. சித்தப்பா எல்வின். லோத்குண்டாவுல இருக்கார். எங்க சபையை விட்டுட்டு ஜெபவீட்டுக்குப் போயிட்டார். அங்க எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணின எண்ணெய்தான். தலைவலிக்கு, புது பைக்குக்கு, பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு. எண்ணெய்க் கூட்டம்னு அப்பா சபையிலயே எழுந்து நின்னு திட்டினார். அதோட பேச்சுவார்த்தை இல்ல. ஆனா சித்தப்பாவுக்கு என் மேல உசிரு. கொட்டகைச் சாவி பின்வாசல் ஆணியில தொங்குறது அவருக்கும் தெரியும்.”

“சரி. அந்த இரட்டை வில்லையைப் பத்திரமாகக் குழுவுக்குக் கொண்டு போ. நான் வரும்வரை அபிநவ் பேரை உன் அப்பா எடுக்காமல் பார்த்துக்கொள்.”

“சார், வர்ற புயலைப் பாத்துக்கன்னு சொல்றீங்க.”

லோத்குண்டாவுக்குப் போகும் வழியெல்லாம் ஜகதீசன் ஸ்கூட்டரின் பின்சீட்டில் கம்பி நட்டது போல உட்கார்ந்திருந்தார். ராணுவ லாரிகள் வரிசையாக வழிமறித்தன. ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், நீங்க பாத்தா முள் பின்னாடி போயிராது,” என்றாள் மைதிலி. “அந்த அங்கிள் முகத்தப் பாத்தீங்களா? எண்ணெய் உள்ள போனதும்?”

“பார்த்தேன்.”

“அதுவரைக்கும் வில்லையைத் துருவித் துருவிப் பாத்துட்டிருந்தார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பல.”

“தம்பி ஞாபகம் வந்திருக்கும்,” என்றார் ஜகதீசன். சொன்ன மாத்திரத்தில் அந்த விடை அவருக்கே அரைகுறையாகப் பட்டது. சட்டைக்குள் புகுந்த எறும்பு போல அது வழி நெடுக உறுத்திக்கொண்டே வந்தது.

எல்வின் வீடு கன்டோன்மென்ட் மதிலை ஒட்டி இருந்தது. ராணுவ டிப்போவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனின் அதே நெற்றி, அதே மூக்கு, ஆனால் எளிதில் சிரிக்கும் வாய். வந்தவர்களை உட்காரவைத்து, மனைவி பெர்லினைக் காப்பி போடச் சொல்லிவிட்டு, எதிரே அமர்ந்தார். அலமாரியில் சின்னச் சின்ன எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மைதிலி ஒன்றைத் திறந்து முகர்ந்தாள்.

“ஆலிவ் எண்ணெய். கூடவே அத்தர் வாசனை,” என்றாள். “வர்ஷினி மேடத்தோட மூக்குக்கு மானியம் குடுக்கலாம் சார்.”

ஜகதீசன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அடிப்பக்கம் பட்ட எண்ணெயால் பிளெசியின் வில்லை கருகியதை, இன்று மாலையோடு அவள் பெயர் கெடப் போவதை, அபிநவ் மேல் அண்ணன் பழி போடப் போவதை. கேட்கக் கேட்க எல்வினின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

“யாரையும் தேட வேண்டாம் சார்,” என்றார் கடைசியில். “நாந்தான்.”

“நீங்களா?”

“நாந்தான் போனேன். ராத்திரி, எல்லாரும் தூங்கினப்புறம். சாவி இருக்க இடம் தெரியும்லா. பிள்ளைக்கு ஜெயம் கிடைக்கட்டும்னு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு வந்துட்டேன். இப்படி ஆகும்னு கண்டேனா? குழுவுக்கு எழுதித் தாரேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

பெர்லின் காப்பித் தட்டோடு உள்வாசலில் நின்றுவிட்டாள்.

மைதிலி ஜகதீசனைப் பார்த்தாள். கேஸ் முடிந்தது, நேரமும் இருக்கிறது, எழுந்திருக்கலாம் என்று அவள் கண் சொன்னது. ஜகதீசன் எழுந்திருக்கவில்லை. முதல்முறையாக அன்றைக்கு அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“எண்ணெயை எந்தப் பக்கம் பூசினீர்கள்?”

“அது… அடிப்பக்கம்னு நீங்கதான இப்ப சொன்னீக.”

“ஆமாம், சொல்லிவிட்டேன். அப்படியென்றால் வில்லையைத் தூக்கித் திருப்பியிருப்பீர்கள். இருட்டில் கஷ்டமாக இருந்திருக்குமே?”

“ஆமா சார். நல்ல கனம்லா. கீழ போட்டுருவேனோன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.”

மைதிலி சட்டென ஜகதீசன் பக்கம் திரும்பினாள்.

“எல்வின்,” என்றார் ஜகதீசன் மெதுவாக, “அதைக் கையில் எடுத்த எவரும் முதலில் சொல்வது அதன் எடையைப் பற்றித்தான். ஒரு சிறகுக்கு உள்ள கனம்கூட அதற்கு இல்லை. நீங்கள் அந்த வில்லையைத் தொட்டதே இல்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை.”

எல்வினின் நரம்பு தெரிந்த லாரிக்காரக் கைகள் முழங்காலை இறுகப் பற்றின.

“எண்ணெய் உங்களுடையது. பூசிய கை வேறு. செய்யாத தப்பை நீங்கள் இவ்வளவு அவசரமாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்றால், யாருக்காக?”

“நாந்தான்னு சொல்லுதேன்லா! விடுங்க சார். எங்க குடும்ப விஷயம்.”

“நீங்க எப்ப குஷாய்குடா போனீக?” பெர்லின் தட்டை டக்கென்று வைத்தாள். காப்பி சிந்தியது. “அன்னைக்கு ராத்திரி காய்ச்சல்ல படுத்துக் கிடந்தீகளே, நான் பத்துப் போட்டேன்லா? சார், இவுக சொல்ல மாட்டாக. நான் சொல்லுதேன். அன்னைக்குப் பொழுது சாயும்போது பெரிய அத்தான் வந்தாக.”

“பெர்லின்!”

“வந்தாக. கேட்டுக்கு வெளியவே நின்னாக. உள்ள வாங்கத்தான்னு நான் கெஞ்சினேன். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. ஒரு பாட்டில் எண்ணெய் வேணும், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்னாக. வாங்கிச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போயிட்டாக.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இவுக அன்னைக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சலோட சிரிச்சுக்கிட்டே கிடந்தாக. அண்ணன் என்கிட்டக் கேட்டு வாங்கிட்டான் பாத்தியான்னு.”

ஜகதீசனுக்குள் இதுவரை உறுத்திய எறும்பு கடித்தது. நல்லது நினைத்த கை. மகள் கண்ணில் படாமல் அடிப்பக்கம் வைத்த கை. யாருக்கும் தெரியக்கூடாது என்று வெட்கப்பட்ட கை. அந்த வெட்கம் எல்வினுக்கு ஏது? ஊர் அறிய எண்ணெய் பூசுகிறவர் அவர். ஒளித்துப் பூச வேண்டிய அவசியம் உள்ளவர் ஒருவர்தான் இருந்தார்.

“சார்,” என்றார் எல்வின், எழுந்து நின்று. “எங்க அண்ணன் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல. எங்க அப்பா செத்தன்னைக்கும் குனியல. இதுக்காகக் குனியக் கூடாது. நான் தப்பானவன்னு ஊருக்கே தெரியும். இன்னொண்ணு சேந்தா என்ன? என் பேரைச் சொல்லிருங்க.”

ஜகதீசன் அவர் தோளில் கை வைத்தார்.

ஸ்கூட்டரின் பேட்டரி கச்சிபௌலிவரை தாங்காது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு கேப் பிடித்தார்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. வானம் தொட்ட அடுக்குமாடிகள் கண்ணில் பட ஆரம்பித்ததும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கம்பெனி பஸ்கள், பின்னால் கம்பெனி பஸ்கள். ஜகதீசன் பிளெசியை அழைத்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது. கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

“கிளையண்டே குற்றவாளி,” என்றாள் மைதிலி. “ஃபீஸ் யார்கிட்ட வாங்கறது சார்? அபிநவ் பேரை இந்நேரம் சொல்லியிருப்பாரா?”

“காலையில் அந்த எண்ணெய் உள்ளே போனபோதே அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது, மைதிலி. அதுவரை மனசாரவே அபிநவ்தான் என்று நம்பினார். ஜெபித்த எண்ணெய் கெடுதல் செய்யும் என்று எந்த விசுவாசிக்குத் தோன்றும்? இப்போது தெரிந்துகொண்டும் சொன்னால், அது வேறு.”

“சொல்லிட்டா?”

“இறங்கு. நடப்போம்.”

நடந்தார்கள் என்பதைவிட ஓடினார்கள் என்பதே சரி. கண்ணாடிக் கட்டடத்தின் லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது ஜகதீசனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் கிதியோன் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுத்து அவரைக் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளெசியும், முன்னாள் கூட்டாளி என்பதால் வரவழைக்கப்பட்ட அபிநவும் நின்றிருந்தார்கள்.

“ஆதாரம் கிடைச்சுதா?” என்றார் கிதியோன். குரலில் உயிரில்லை.

“லோத்குண்டாவிலிருந்து வருகிறேன். உங்கள் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டார்.”

கிதியோன் சட்டென நிமிர்ந்தார். “எல்வினா? அவன் எதுக்கு…” பாதியில் நின்றது பேச்சு.

“ஆமாம். அவர் எதற்கு?” என்றார் ஜகதீசன். “உங்கள் தலை குனியக்கூடாதாம்.”

கிதியோனின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. அதை அவிழ்க்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் அங்கேயே நின்றது.

“எங்க வீட்டுல தினமும் ரெண்டு வேளை குடும்ப ஜெபம், ஜகதீசன். ஒரு நாள் தவறினதில்ல. அன்னைக்குச் சாயங்காலம் பிள்ள முகத்தப் பாத்தேன். சோறு இறங்கல அவளுக்கு. முழங்கால்ல நின்னேன். மனசு அடங்கல. என் ஜெபம் பத்தலையோன்னு ஒரு… அதான் அங்க போனேன். வாழ்நாள்ல ஒரு தடவ.”

மைதிலி அவர் அருகில் குனிந்தாள். அவள் குரலில் அப்போது கேலி இல்லை.

“அங்கிள், ஒண்ணு சொல்றேன். கைதவறித் தேங்காய் எண்ணெய் பட்டுச்சுன்னு சொல்லிடுங்க. குழுவுக்குக் காரணம்தான வேணும்? என்ன எண்ணெய்னு யார் பாக்கப் போறாங்க? அபியும் தப்பிச்சான், பிளெசியும் தப்பிச்சா, உங்க சபையிலயும் ஒருத்தருக்கும் தெரியாது.”

வழி சுத்தமாக இருந்தது. ஜகதீசனுக்கே அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கதவு திறந்தது. “மிஸ்டர் கிதியோன்?”

கிதியோன் எழுந்தார். பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். உள்ளே போனார். கதவு சாத்தப்படும் முன் ஜகதீசனும் மைதிலியும் பின்னால் நுழைந்து சுவரோரம் நின்றார்கள்.

“உங்கள் தரப்பில் ஒருவர் மேல் புகார் இருப்பதாகச் சொன்னீர்கள்,” என்றார் நாராயணஸ்வாமி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்த்து. “யார்?”

அபிநவ் தலைகுனிந்து நின்றான். பிளெசி அப்பாவையே பார்த்தாள்.

“கிதியோன்,” என்றார் அவர்.

“உங்கள் பேர் தெரியும் சார். புகார் யார் மேல்?”

“அதத்தான் சொல்லுதேன். கிதியோன். நாந்தான் அந்தச் சாம்பிள தொட்டேன். பிள்ள பெட்டியில வெச்ச பிறகு, அவளுக்குத் தெரியாம. எண்ணெய் பூசினேன்.”

“எண்ணெயா? என்ன எண்ணெய்?”

மைதிலி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“ஜெப எண்ணெய்,” என்றார் கிதியோன், ஒவ்வொரு சொல்லாக. “எங்க சபையில அந்த வழக்கம் கிடையாது. அப்படிப் பூசுறவங்களை நான் பத்துப் பேர் முன்னால ஏசியிருக்கேன். என் கூடப்பிறந்த தம்பி எல்வின் அதுக்காக என் வாசல் மிதிக்கக்கூடாதுன்னு வெச்சேன். அவன் வீட்டுல போய்க் கேட்டு வாங்கின எண்ணெய்தான் அது. அவனுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. என் மகளுக்கும் இல்ல. அவ செஞ்ச பொருள் சுத்தமான பொருள்.” பிறகு அபிநவ் பக்கம் திரும்பினார். “தம்பி, உன் பேர ஊரெல்லாம் கெடுத்தேன். மன்னிச்சிரு.”

முதுகு வளையவில்லை. தலையும் குனியவில்லை. உண்மையைச் சொல்கிற மனிதனுக்கு அதற்கான தேவை வருவதில்லை என்று ஜகதீசன் நினைத்துக்கொண்டார்.

வர்ஷினி முதலில் அசைந்தார். “அந்த வாசனை!” என்றார். “சார், காரணம் பொருந்துது. மறு சோதனை செய்யலாம்.”

இரட்டை வில்லை ஹாட் பிளேட்டில் ஏறியது. அதன் தலையில் வர்ஷினி ஒரு சாக்லேட் துண்டை வைத்தார். தட்டு சிவக்கத் தொடங்கியது. யாரும் உட்காரவில்லை. கிதியோன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“புகை வருதா?” என்று கேட்டார், சுவரிடம்.

“இல்லை,” என்றார் ஜகதீசன்.

“இப்ப?”

“இல்லை.”

“நல்லாப் பாத்துச் சொல்லும்.”

“சாக்லேட்கூட உருகலை அங்கிள்,” என்றாள் மைதிலி. “யாருக்கும் வேண்டாம்னா நான் எடுத்துக்கவா?”

நாராயணஸ்வாமி தட்டை அணைக்கச் சொன்னார். சிரிக்கத் தெரியாத முகம் கொஞ்சம் தளர்ந்தது. ‘போலி சாம்பிள்’ என்ற குறிப்பை நீக்குவதாகவும், விண்ணப்பம் பட்டியலில் தொடர்வதாகவும் சொன்னார். மானியம் யாருக்கு என்பதை முழுக் குழு கூடித்தான் சொல்லும். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் கண் வில்லையை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் பிளெசி அப்பாவின் எதிரே போய் நின்றாள். அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“கைக்குப்பா, எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கைக்கு?”

“பயந்துட்டேம்மா,” என்றார் கிதியோன்.

அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதேயில்லை. வில்லை இருந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில் சொன்னாள்:

“அடுத்த வார்ப்பு நாளைக்குப் போடறேன். நீங்க தொடக்கூடாது.”

“தொட மாட்டேன்.”

“ஜெபம் பண்ணலாம். எண்ணெய் இல்லாம. தூரமா நின்னு.”

கிதியோன் தலையாட்டினார். பிறகு, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, அப்போதே இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.